குமிழி ஊதிக் கற்ற ஆங்கிலம்

மொட்டை மாடியில் மகளோடு சோப்புக் குமிழி விட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, இத்தனை வருஷம் ஆங்கிலம் படித்தும் வளையத்தைக் கரைசலில் முக்குவதற்கு 'டிப்' என்ற சொல் எனக்குச் சட்டென்று வரவில்லை. அவளுக்கோ ஒரே சாயங்காலத்தில் டிப், ப்ளோ, ஃப்ளோட், பாப் எல்லாம் ஒட்டிக்கொண்டன. பாப் என்பது குமிழி உடையும் சத்தமேதான், அர்த்தம் சொல்லவே வேண்டியதில்லை. ப்ளோவில்தான் தகராறு. நேற்று ஊதினேன் என்பதற்கு 'ப்ளோடு' என்றாள், 'ப்ளூ' என்று திருத்தினேன், உடனே "நீலமாப்பா?" என்றாள். உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு என்று விளக்குவதற்குள் (குமிழியிலும் கொஞ்சம் நீலம் தெரிந்து தொலைத்தது) கரைசல் தீர்ந்துவிட்டது. அப்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் கலந்தோம். சர்க்கரை இருந்தால் ஈரம் சீக்கிரம் காயாது, குமிழி கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அதில் 'ஸ்டிக்கி'யும் கற்றாயிற்று, விரலெல்லாம்.