ஆறு புள்ளிக்கு முன்னர்

2024 ஒக்டோபர் 7, திங்கள்

தரம் 10 மாணவர்களுக்கான தமிழ்க் கட்டுரைத் தொகுப்பொன்று 64 பக்க வேர்ட் கோப்பாக இன்று மட்டக்களப்பு, கோட்டைமுனையில் உள்ள எங்கள் அறைக்கு, பிரெயிலில் (பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தில்) அச்சிடுவதற்காக வந்து சேர்ந்தது. கண்ணுக்கு அழகான கோப்புத்தான். ஆனால் பத்திக் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தியதும், தலைப்புகள் யாவும் இடைவெளி விசையைத் தட்டித் தட்டியே நடுவுக்குத் தள்ளப்பட்டிருப்பதும், புதிய பக்கம் வேண்டிய இடங்களில் என்டர் விசை பதினேழு பதினெட்டுத் தடவை அழுத்தப்பட்டிருப்பதும் தெரிந்தன.

எழுத்துரு, எதிர்பார்த்தபடியே, பாமினி: ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய பழைய எழுத்துரு. திரையில் "தமிழ்" என்று தெரிந்தாலும் கணினியின் உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மாத்திரமே. அப்படியே பிரெயிலுக்கு அனுப்பினால் பிள்ளையின் விரலுக்கும் அவைதாம் போய்ச் சேரும். ஆகவே தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யுனிகோடுக்கு மாற்றுவதே முதல் வேலை.

2024 ஒக்டோபர் 8, செவ்வாய்

மாற்றியாயிற்று, ஆனால் நாள் முழுவதும் ஔகார வரிசையிலேயே கழிந்தது. ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் பாமினியில் ஒரே விசையில் இருப்பதால், நாங்கள் பயன்படுத்திய மாற்றி "கௌரவம்" என்பதைக் ககர எகரமும் தனி ளகரமுமாகவே எழுதிவிட்டிருந்தது. அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் எவரும் கண்டுகொள்வதில்லை. பிரெயிலிலோ, ஆறு புள்ளிகளுக்கு இடமுள்ள ஒரு தொகுதியே ஒரு கட்டம். சரியான "கௌ" இரண்டு கட்டங்கள், பிழையானது மூன்று கட்டங்கள். வாசிப்பவருக்கு அது "கெ-ள-ரவம்" என்றே கேட்கும்.

ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. தொகுப்பிலே மட்டக்களப்பு வாவி பற்றிய கட்டுரையொன்று இருக்கிறது. அதில் கெளிறு நீந்துகிறது. வௌவாலைத் திருத்தப் போனால் வெளிச்சமும் வெள்ளமும் சிதைந்துபோகும். ஆகவே "அடுத்ததைத் தேடு" என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்தினேன்.

2024 ஒக்டோபர் 10, வியாழன்

பிரெயில் மொழிமாற்று மென்பொருளுக்குத் தடித்த எழுத்தும் பெரிய எழுத்தும் தலைப்பின் அடையாளங்கள் அல்ல. டக்ஸ்பரி போன்றவை வேர்டின் ஸ்டைல்களைப் பார்த்தே எது தலைப்பு, எது பத்தி என்று தீர்மானிக்கின்றன. எனவே ஹெடிங் 1, ஹெடிங் 2 ஆகியவற்றை இட்டு, வெற்று வரிகளையும் வரிசை இடைவெளிகளையும் நீக்கினேன். உரைப்பெட்டிகளுக்குள் கிடந்த "சிந்திக்க" பகுதிகளை வெளியே எடுத்து உரிய பத்தியின் கீழ் வைத்தேன். அவை பெட்டியிலேயே இருந்தால் மொழிமாற்றத்தில் சொல்லாமல் காணாமற்போய்விடும்.

ஐந்து நிரல்கள் கொண்ட அட்டவணை ஒன்றும் இருந்தது. எங்கள் தாளில் வரிக்கு 30 கட்டங்கள்தாம். மெய்யெழுத்தின் புள்ளிக் குறிக்கும் உகரக் குறிக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு, புள்ளிக் குறி மெய்க்கு முன்னால் வரும் என்பதால், அச்சில் எட்டு எழுத்தான "மட்டக்களப்பு" பிரெயிலில் 12 கட்டங்களைப் பிடிக்கும். நிரல்களாக அமைக்க வழியில்லை என்று கண்டு, ஒவ்வொரு நிரையையும் ஒரு பட்டியலாகப் பிரித்து எழுதினேன்.

2024 ஒக்டோபர் 15, செவ்வாய்

ஓய்வுபெற்ற ஆசிரியரான சேர் இன்று மாதிரித் தாள்களைத் தடவி வாசித்தார். அவருடைய விரல் இரண்டாம் பக்கத்தில் நின்றது.

"என்ன புள்ள, விபுலாநந்தர் பதினெட்டாயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்பதிலயா பிறந்தவர்?"

கோப்பில் "1892இல் காரைதீவில் பிறந்த" என்று சரியாகத்தான் இருந்தது. பிரெயிலில் இலக்கங்களுக்கெனத் தனி வடிவங்கள் இல்லை. எண் குறியை முன்னால் இட்டு, ஆங்கிலத்தின் முதற்பத்து எழுத்துகளுக்குரிய வடிவங்களையே இலக்கங்களாக வாசிக்கிறோம். தமிழ் இகரமும் ஒன்பதும் ஒரே வடிவம்: 2ஆம், 4ஆம் புள்ளிகள். இடையில் எதுவும் இல்லாததால் எண் நீண்டு "18929ல்" ஆகிவிட்டது. அவர் மறைந்த ஆண்டும் "19479ல்" ஆகியிருந்தது.

இடைவெளி விடலாம் என்றேன். வரி முடிவில் எண் ஒரு வரியிலும் "இல்" அடுத்த வரியிலுமாகப் பிரிந்துபோகும், இணைகோடு இடுவதே நல்லது என்றார் சேர். எனக்கு அது கண்ணுக்கு உறுத்தலாகப் பட்டது. ஆனால் இது கண்ணால் வாசிப்பதற்கான பிரதி அல்லவே, அவர் சொன்னபடியே செய்தேன்.

2024 ஒக்டோபர் 18, வெள்ளி

எண்ணை ஒட்டி எழுத்து வரும் இடங்களை எல்லாம் தேடியதில் 41 அகப்பட்டன. "ஆம்" வரும் இடங்களைத் தொடவில்லை, ஏனெனில் ஆகாரத்தின் 3, 4, 5 புள்ளிகள் எந்த இலக்கத்துக்கும் உரியவை அல்ல. மின்தடைக்கு முன் அச்சிட்டுவிடலாம் என்று அவசரப்பட்டபோது, வேளாண்மை பற்றிய கட்டுரையில் ஒன்று தப்பியிருப்பதைச் சேரின் விரல்தான் பிடித்தது. "5ஏக்கர்" என்று இடைவெளியின்றித் தட்டப்பட்டிருந்தது. ஏகாரமும் ஐந்தும் ஒரே வடிவம் என்பதால், அந்த விவசாயியின் வயல் 55 ஆகி, பின்னால் "க்கர்" என்று ஒரு வால் மாத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. இது அளவு என்பதால் இடைவெளியே விட்டு, அந்த ஒரு தாளை மீண்டும் அச்சிட்டேன்.