பதினொரு பேரை எழுதுவது யார்?

மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். செயின், பிளக், பிரேக் கட்டை விற்பேன். போன வைகாசி முழுக்க அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. பிளக் வாங்க வந்தவர்கள்கூட, "என்ன செயலாளர், ஆரைக் கோச்சா எடுக்கப் போறீங்க?" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகம் எங்களுடையது. ஐந்து வருடமாக அதற்குச் செயலாளர். அதற்கு முன் பதினொரு வருடம் கோல் காப்பாளர், எத்தனை விட்டேன் என்று கேட்கக் கூடாது. போன பருவத்தில் ஏழு மெட்ச். ஐந்தில் தோல்வி, ஒன்று சமநிலை, மிச்சம் ஒன்று எதிரணி வராததால் கிடைத்த வெற்றி. அந்த வெற்றிக்கும் பட்டாசு கொளுத்தினார்கள் எங்கள் பொடியன்கள்.

பருவம் முடியும் முன்பே கோச் விலகிவிட்டார். கடைக்கு வந்து விசிலையும் களஞ்சிய அறைத் திறப்பையும் மேசையில் வைத்தார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்று போய்விட்டார். ஏன் விலகினார் என்று ஊர் பலதும் பேசியது. எனக்கு நன்றாகவே தெரியும்.

அக்காவின் மகன் எங்கள் அணியில்தான் விளையாடுகிறான். ஆறாவது மெட்சுக்கு முதல்நாள் இரவு பத்தரை மணிக்குக் கோச்சுக்கு நான்தான் போன் எடுத்தேன். "ஒரு தரம் போட்டுத்தான் பாருங்களன்." போட்டார். இடைவேளைக்கு முன்னால் அவன் நின்ற பக்கத்தால் மூன்று கோல் விழுந்தது. அந்த வாரம் போன் எடுத்தது நான் மட்டுமில்லை. கட்டாரிலிருந்து ஜேர்சி வாங்கி அனுப்பிய தம்பி ஒருவன், யாரை நடுவில் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பியிருந்தான். மற்றவர்களை நான் எப்படிக் குறை சொல்வது?

எங்கள் பக்கத்தில் மெனேஜர் என்றால் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவர், வேனுக்குக் காசு கொடுக்கிறவர். இங்கிலாந்தில் அதே பெயருக்கு வேறு அர்த்தம். ஆளை எடுப்பது, இறக்குவது, வெளியே இருத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஆள். கோச் என்று பெயரைக் கொடுத்து நாங்கள் வைத்திருந்தது போத்தல் தூக்குகிற ஆளை.

வாசிகசாலையில் கூட்டம் போட்டோம். பணிஸ், பிளேன்ரீ, இருபத்துமூன்று பேர். தலைவர் எழும்பி, பழைய கெப்டனையே எடுப்போம் என்றார். நல்ல ஆள், தொண்ணூறுகளில் எங்கள் ஊர் பார்த்த முன்கள வீரர்களில் அவரைப் போல் ஒருவர் இல்லை. பொருளாளர் உடனே பிடித்துக்கொண்டார். அவர் 1999 இறுதிப் போட்டியிலிருந்து மன்செஸ்டர் யுனைட்டட் பக்தர். அன்று பார்சிலோனாவில் பயேர்ன் மியூனிக்குக்கு எதிராக மேலதிக நிமிடத்தில் கோல் போட்ட ஒலே சொல்ஷயார், 2018 டிசம்பரில் தற்காலிக மெனேஜராக வந்து முதல் எட்டு மெட்சையும் வென்றாரா இல்லையா? "நம்மட ஆள் வந்தாத்தான் பொடியன்மாருக்கு ரத்தம் கொதிக்கும்" என்றார்.

மிச்சக் கதையை நான் சொன்னேன். 2019 மார்ச்சில் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் வொட்ஃபோர்டிடம் 4-1 என்று தோற்ற மறுநாள் அனுப்பிவிட்டார்கள். பாசம் எட்டு மெட்சுக்குக் காணும்.

இதில் ஒரு சங்கதி, பழைய கெப்டனிடம் யாரும் கேட்கவே இல்லை. மறுநாள் நான் போய்க் கேட்டேன். பின்னேரம் நாலரைக்கு ரியூசன் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்ற வேண்டும், அதை விட்டால் லீசிங் கட்ட முடியாது என்றார். அதோடு அது முடிந்தது.

இரண்டாவது ஆள் மட்டக்களப்பு ரவுனிலிருந்து வந்தார். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் சி தரப் பயிற்சியாளர் சான்றிதழ் வைத்திருந்தார். மடிக்கணினியைத் திறந்து பின்னால் மூன்று பேர், நடுவில் நாலு பேர் என்று அழகாகக் காட்டினார். எங்களிடம் உருப்படியாக ஒரே ஒரு பின்கள வீரன்தான் இருக்கிறான், அவனும் கிழமை நாட்களில் மேசன் வேலைக்குப் போய்விடுவான். மாதம் 35,000 ரூபாயும் பெற்றோலும் கேட்டார். கழகத்தின் கணக்கில் இருந்தது 41,600.

மூன்றாவது ஆளை நாங்கள் கூப்பிடவில்லை. அவர் மண்டூர்க்காரர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடந்து வந்திருக்கிறார். (வெளியூர் ஆட்களுக்கு: மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம்.) இரண்டு பின்னேரம் பூவரச மரத்தடியில் இருந்து பயிற்சியைப் பார்த்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்தார்.

"ஐயா, என்ன வேணும்?"

"பந்து எத்தனை இருக்கு தம்பி?"

ஆறு என்றேன். அதில் காற்று நிற்பது நாலில்தான் என்று அவரே சொன்னார். முதல்நாள் பயிற்சிக்கு வந்தது ஒன்பது பேர், இரண்டாம் நாள் ஏழு பேர் என்றார். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது எங்கள் கோலி பந்தை உயர உதைக்கிறான், அது பாதித் தூரம் போய்த் திரும்பி வருகிறது, மண்ணோடு உருட்டச் சொல்ல இங்கே ஒருவரும் இல்லையா என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. பதினொரு வருடம் அதே கம்பங்களுக்கு நடுவில் நின்றவன் நான். கச்சான் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும், பொடியனுக்குச் சொல்லத்தான் தோன்றவில்லை.

அப்புறம் கேட்டார்: "மெட்ச் அண்டைக்குப் பதினொரு பேரை எழுதுறது ஆர்?"

நான் பதில் சொல்ல முன் ஒருவர் வந்து பிரேக் கேபிள் கேட்டார். அது நல்லதாகப் போயிற்று.

அடுத்த கூட்டத்தில் அவருடைய வயதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அறுபத்தாறு வயது மனிதர் ஓட முடியுமா என்று ஒருவர் கேட்டார், அவரை ஓடச் சொல்லி நாங்கள் கேட்ட மாதிரி. எனக்கு இங்கிலாந்தின் கிறிஸ்டல் பலஸ் கழகம் ஞாபகம் வந்தது. 2017இல் பிராங்க் டி போயரைக் கொண்டுவந்தார்கள். பெரிய பெயர், புது முறை. நாலு லீக் மெட்ச், நாலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, 77ஆம் நாள் வீட்டுக்கு. அடுத்து வந்தவர் ரோய் ஹொட்ஜ்சன். வயது 70, பிறந்தது அந்தக் கழகம் இருக்கிற குரொய்டனிலேயே. வந்தவுடன் அவரும் மூன்று லீக் மெட்ச் தோற்றார், அப்போதும் ஒரு கோல் இல்லை. ஏழு மெட்ச், பூச்சியம் கோல்! எங்கள் வாசிகசாலையாக இருந்தால் அன்றிரவே கதிரை பறந்திருக்கும். அங்கே பொறுத்தார்கள். எட்டாவது மெட்சில் நடப்புச் சம்பியன் செல்சியை 2-1 என்று வென்றார்கள், பருவ முடிவில் பதினோராம் இடம். அவர் பெரிய வித்தை ஒன்றும் காட்டவில்லை. இருக்கிற ஆட்களைத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார், அவ்வளவுதான்.

பொருளாளருக்கு வேறு கேள்வி. "சரி, எத்தனை மெட்ச் பாப்பம்?" ஆறு என்று அவரே பதிலும் சொன்னார். யுனைட்டட்டின் பழைய மெனேஜர் பெர்குசன் பெயரைச் சொல்லிக் காலையில் எழும்புகிற மனிதர் இதைச் சொல்லலாமா? 1986 நவம்பரில் பெர்குசன் வந்தபோது யுனைட்டட் 22 அணிகளில் 21ஆம் இடம். முதல் மெட்சே ஒக்ஸ்போர்டிடம் 2-0 தோல்வி. 1989இல் சொந்த ரசிகர்களே போகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். முதல் கிண்ணம் 1990இல், லீக் பட்டம் 1993இல். இவ்வளவையும் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். அதுவும் உண்மைதான், பெர்குசனுக்குக் கட்டாரிலிருந்து குரல் பதிவு போயிருக்காது.

மண்டூர் ஐயா சம்பளம் பெரிதாகக் கேட்கவில்லை. பாதைக் காசும் பெற்றோல் காசும் போதும் என்றார். ஆனால் ஒரு கடிதம் கேட்டார். அணித் தெரிவில் நிர்வாகத்தில் ஒருவரும் தலையிட மாட்டோம் என்று எழுதி, தலைவரும் செயலாளரும் பொருளாளரும் கையொப்பம் வைக்க வேண்டும். வெளிநாட்டுத் தம்பிமாருக்கும் அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனி மாதம் முதல் மெட்ச். அணிப் பட்டியலை என் கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி, தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்போதுதான் காட்டினார். மருமகனின் பெயர் பதினாலாவது. அக்கா அன்றிரவு எனக்கு ஊற்றிய தேத்தண்ணியில் சீனி இல்லை.

2-1 என்று தோற்றோம். கோலி மட்டும் பந்தை ஒரு தரமும் உயர உதைக்கவில்லை. கடைசி விசில் ஊதியதும் ஐயா ஒரு பேச்சும் பேசவில்லை, பாதைக்கு நேரமாச்சு என்று பந்துப் பையை என் கையில் தந்துவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தேன். ஆறில் ஐந்துதான் இருந்தது. மற்றதைக் கச்சான் கடல் பக்கம் கொண்டுபோயிருந்தது. மருமகன் தாழம்பற்றைக்குள் அதைத் தேடிக்கொண்டு நின்றான்.