தரவுத்தளத்தில் நான் மூன்று பேர்

பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்: மொத்த மேற்கோள்கள் (என் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியிருக்கின்றன என்பது), எச்-இண்டெக்ஸ், சுயமேற்கோள் (என் கட்டுரையை நானே சுட்டியது) நீக்கிய எண்ணிக்கை. பதினெட்டு வருடமாக விலங்கு வைரஸ்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது அரைமணி நேர வேலை என்று நினைத்தேன். ஆறு வாரம் பிடித்தது.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒவ்வொன்றும் குறைந்தது 14 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் 14 இருந்தால் உங்கள் எண் 14. எனக்கு இலவசத் தேடுதளம் 17 என்றது. சந்தா கட்டிப் பார்க்கும் தரவுத்தளம் 11 என்றது. கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். முன்னது ஆய்வேடு, கருத்தரங்கத் தொகுப்பு என்று கிடைத்ததையெல்லாம் எண்ணும். பின்னது தான் சேர்த்துக்கொண்ட இதழ்களைத்தான் பெரும்பாலும் எண்ணும். ஆனால் ஆறு எண் இடிக்கிறதே என்று உள்ளே போய்ப் பார்த்தேன்.

சந்தா தளத்தில் நான் மூன்று பேராக இருந்தேன். தப்பு என்னுடையதுதான். முதல் கட்டுரைகளில் இனிஷியல் முன்னால், பிறகு பின்னால், முனைவர் பட்டக் காலத்தில் அதையே விரித்து முழுப்பெயராக. இரண்டாவது 'நான்' என்ற ஆளிடம்தான் ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) கட்டுரை சிக்கியிருந்தது, நான் எழுதியதிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. மூன்றையும் இணைக்கச் சொல்லி, கட்டுரைப் பட்டியலோடு கோரிக்கை அனுப்பினேன். சில நாட்களில் இணைந்தது. 11 என்பது 14 ஆனது.

இலவசத் தளத்தில் கதை தலைகீழ். கட்டுரைகள் தானாகச் சேரட்டும் என்று எப்போதோ அனுமதி கொடுத்திருக்கிறேன். என் பெயரே கொண்ட ஒருவரின் பாலிமர் கட்டுரைகள் வரிசையாக என் கணக்கில் உட்கார்ந்திருந்தன. எடுத்தவுடன் 17 என்பது 15 ஆகிவிட்டது. வலித்தது. ஆனால் நேர்காணலில் பாலிமரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? அப்புறம், கோமாரி நோய்க் கட்டுரை ஒன்று தலைப்பில் ஒரு எழுத்துப் பிழையால் இரண்டு பதிவாகப் பிரிந்து கிடந்தது: ஒன்றுக்கு 11 மேற்கோள், இன்னொன்றுக்கு 8. சேர்த்தால் 19 வரவில்லை, 18தான். ஒரே கட்டுரை இரண்டையும் காட்டியிருந்தது. அந்த ஒரு பதிவால் எண் 16க்கு ஏறியது. புது ஆராய்ச்சி எதுவும் இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தே ஏற்றியது!

பட்டியலை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் வேறொன்று உறுத்தியது. மேலே இருப்பவை எல்லாம் செய்முறைக் கட்டுரைகள், அதாவது ஒரு சோதனையை எப்படிச் செய்வது என்று சொல்பவை. எங்கள் துறையில் அது புதிதில்லை. வைரஸின் அளவைக் கணக்கிட ரீடும் மியூஞ்சும் 1938இல் கொடுத்த முறையை இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நான் பெருமைப்படும் வேலை, ஒரு நோய்ப்பரவலில் மந்தை மந்தையாக மூக்குச்சளி மாதிரிகளை எடுத்து, தடுப்பூசி போட்ட ஆடுகளுக்கும் ஏன் நோய் வந்தது என்று கண்டுபிடித்தது. கோளாறு வைரஸில் இல்லை, தடுப்பூசியைக் குளிரில் வைக்காததில் இருந்தது. அதற்கு மேற்கோள் ஐந்து. அதில் இரண்டு நானே காட்டியது.

மாட்டு வெக்கை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வால்டர் பிளௌரைட் என்ற கால்நடை விஞ்ஞானி உருவாக்கிய செல் வளர்ப்புத் தடுப்பூசி இல்லாமல் அந்த நோய் ஒழிந்திருக்காது. 1999இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2011இல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அதன் பிறகு அந்த வைரஸைக் கையாள அனுமதி பெற்ற ஆய்வகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நோயை ஒழித்தால் அதைப் பற்றி எழுதுகிறவர்களும் குறைவார்கள், மேற்கோள் எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் படிவத்தில் எழுத இடம் இல்லை. சுயமேற்கோள் நீக்கியபின் சந்தா தளத்தின் 14 என்பது 13 ஆனது, அதைத்தான் எழுதினேன். எண் நாளுக்கு நாள் மாறுவதால் தேதி தெரியும்படி திரைப்பதிவு எடுத்து இணைத்தேன். எந்தத் தளத்தின் எண் என்பதையும் பக்கத்திலேயே குறித்தேன். நேர்காணலில் ஒருவர் முதலில் கேட்டதே அதைத்தான். ஐந்து மேற்கோள் கட்டுரையைப் பற்றியும் கேட்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன், யாரும் கேட்கவில்லை.

இப்போது கட்டுரை அனுப்பும்போதெல்லாம் ஆர்க்கிட் எண்ணை (ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) போடுகிறேன், அந்தப் பதினாறு இலக்கம் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பதவி உயர்வு ஆணை வந்து இரண்டு வாரம் கழித்து, கூட்டு ஆசிரியராக இருந்த ஒரு கட்டுரை அச்சானது. அனுப்பியவர் என் எண்ணைப் போடவில்லை, இனிஷியலையும் விட்டுவிட்டார். தரவுத்தளத்தில் இப்போது நான் மறுபடி இரண்டு பேர்.