சந்தா இல்லாத வீடியோ டோர்பெல்: பதிவை வீட்டுக்குள் கொண்டுவந்த வழி

பிரிட்டனில் அமேசானின் ரிங் டோர்பெல்லுக்கு (கேமரா உள்ள வாசல் மணி) அடிப்படைச் சந்தா 2022 தொடக்கத்தில் மாதம் 2.50 பவுண்டு. அந்த ஆண்டே 3.49 ஆனது. 2024 மார்ச்சில் 4.99. ஆண்டுக் கட்டணம் 34.99-இலிருந்து 49.99-க்குப் போனது; ஒரே தடவையில் 43 சதவீதம். அமெரிக்காவிலும் இதே கதைதான்: ரிங் 3 டாலரிலிருந்து 4.99 வரை வந்தது. கூகுள் நெஸ்ட் சந்தா 2023-இல் 6 டாலரிலிருந்து 8 ஆகி, 2025-இல் 10-ஐத் தொட்டது. கதவில் மாட்டியிருக்கும் கருவி மாறவில்லை. அதே லென்ஸ், அதே பட்டன்.

சந்தா கட்டாவிட்டால் ரிங்கில் என்ன மிஞ்சும் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று. மணி அடிக்கும். போனுக்கு அறிவிப்பு வரும். அந்த நேரத்தில் திறந்தால் நேரலையில் பார்க்கலாம், பேசலாம். பதிவு மட்டும் இருக்காது. மதியம் பார்சலை யார் எடுத்தார்கள் என்று மாலையில் பார்க்க முடியாது. ஆக, மாதாமாதம் நாம் காசு கொடுப்பது வீடியோவை எங்கோ ஒரு சர்வரில் வைத்திருப்பதற்கு. அந்த இடத்தை வீட்டுக்குள் ஏற்படுத்திக்கொண்டால் சந்தா தேவையில்லை. கேமராப் படத்தை வேறு கருவிகளுக்கு அனுப்பும் ஆர்டிஎஸ்பி, ஆன்விஃப் போன்ற பொது முறைகளில் ரிங் கருவிகள் படம் தருவதில்லை என்பதால் அதையே வைத்துக்கொண்டு இதைச் செய்ய நேரான வழியில்லை. கருவியை மாற்றத்தான் வேண்டும்.

புதியதை வாங்கும் முன் பழைய வீடியோக்களை இறக்கி வைக்கவும். பிரிட்டனில் ரிங் வழக்கமாக 30 நாள் பதிவு வைத்திருக்கும். செட்டிங்கில் கூட்டியிருந்தால் 180 நாள் வரை. சந்தா முடிந்ததும் அவை கைக்கு எட்டாது. கணக்கிலிருந்து கருவியை நீக்கினால் அதோடு சேர்ந்து அழியும். கணினியில் உள்நுழைந்து, ஹிஸ்டரி பக்கத்தில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இறக்கலாம். போனில் ஒவ்வொன்றாகச் செய்வது வீண் வேலை. போலீசுக்கோ காப்பீட்டுக்கோ கொடுத்த கிளிப் ஏதாவது இருந்தால் அதைத் தனியே இரண்டு இடத்தில் வைக்கவும்.

அடுத்தது மின்சாரம். எந்த மாடல் வாங்கலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கும், விளம்பரத்தில் உள்ள மெகாபிக்சல் அல்ல. பழைய பிரிட்டிஷ் வீடுகளில் ஃபியூஸ் பாக்ஸுக்குள் அல்லது அதன் பக்கத்தில் இருக்கும் பெல் ட்ரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 8 வோல்ட், 1 ஆம்பியர். சாதாரண டிங்-டாங் மணிக்கு அது போதும். கம்பியில் ஓடும் வீடியோ டோர்பெல்களில் பெரும்பாலானவை கேட்பது 16 முதல் 24 வோல்ட் ஏசி. பேட்டரி உள்ள ரிங் மாடல்கள் சில 8 வோல்ட்டையும் ஏற்றுக்கொண்டு மெல்ல சார்ஜ் ஆகும். அதனால்தான் பலருக்கு இந்தக் குறை இருப்பதே கருவியை மாற்றும் நாளில்தான் தெரியவரும்.

கதவருகே இரண்டு வயரையும் கழற்றி மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளக்கலாம். ஆனால் சுமை இல்லாத நிலையில் 8 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரும் 10, 11 என்று காட்டும். மீட்டரை நம்பாமல் ட்ரான்ஸ்ஃபார்மர் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கவும். 8 என்று இருந்தால் 24 வோல்ட், 1 ஆம்பியர் ஒன்றைப் போடவேண்டும். அதன் மறுபக்கம் 230 வோல்ட். ஃபியூஸ் பாக்ஸுக்குள் கை வைக்கும் வேலையைப் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

24 வோல்ட் வந்தபின் பழைய மணிப்பெட்டி அதே சுற்றில் இருக்கக்கூடாது. 8 வோல்ட்டுக்குச் செய்த காந்தச்சுருள் 24 வோல்ட்டில் சூடாகி எரியும். மணிப்பெட்டியைத் திறந்து, உள்ளே வரும் இரண்டு வயரையும் முனையிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று ஒரு லீவர் கனெக்டரில் இணைத்துவிட்டால் அது சுற்றிலிருந்து விலகிவிடும். வீட்டுக்குள் ஒலிக்க, புது டோர்பெல்லோடு வரும் பிளக் மணியைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு சிக்கல் வயரின் மெலிவு. பெல் வயர் 0.22 சதுர மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 2.4 ஓம். அரை ஆம்பியர் இழுக்கும்போது 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 24 வோல்ட்டில் இது பொருட்டில்லை, 12 வோல்ட்டில் பொருட்டு. பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் துண்டித்துத் துண்டித்து மீண்டும் கிளம்புகிற டோர்பெல்லைப் பார்த்தால் வைஃபையைச் சந்தேகிக்கும் முன் மின்சாரத்தைச் சந்தேகிக்கவும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது இழுப்பு கூடுகிறது, வோல்ட் சரிகிறது.

வீட்டு வேலை நடக்கும் சமயமாக இருந்தால் பெல் வயரை மறந்துவிட்டு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுப்பதே என் பரிந்துரை. பிஓஇ முறையில் அந்த ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும். 100 மீட்டர் வரை தாங்கும். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி சாய்த்துப் போடவும், இல்லாவிட்டால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். பிளக் போட்ட கேபிளை நுழைக்க 14, 15 மில்லிமீட்டர் துளை தேவை. வெறும் கேபிளை 8 மில்லிமீட்டர் துளையில் விட்டு, மறுபுறம் பிளக்கைக் கிரிம்ப் செய்வது (கருவியால் நசுக்கிப் பொருத்துவது) சுத்தமான வேலை. ஒரு எச்சரிக்கை: கதவுக்கு வெளியே ஒரு நெட்வொர்க் முனை வைக்கிறீர்கள். டோர்பெல்லைப் பிடுங்கி அங்கே லேப்டாப்பைச் சொருகினால் வீட்டு நெட்வொர்க் திறந்து கிடக்கும். அந்த போர்ட்டைத் தனி விலானில் (வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்த தனிப் பகுதி) போட்டு, பதிவுக் கருவியைத் தவிர வேறெதையும் அது தொட முடியாதபடி அடைக்கவும்.

இந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தது ரியோலிங்க் டோர்பெல். வைஃபை, பிஓஇ இரண்டு வகையிலும் கிடைக்கிறது; 5 மெகாபிக்சல்; மைக்ரோஎஸ்டி கார்டு 256 ஜிபி வரை; ஆர்டிஎஸ்பியும் ஆன்விஃபும் உண்டு. கருவி 100 பவுண்டை ஒட்டி, கார்டும் ட்ரான்ஸ்ஃபார்மரும் சேர்த்து இன்னொரு 35. எலெக்ட்ரீஷியன் கூலியைச் சேர்க்காமல் பார்த்தால் ரிங் சந்தாவோடு ஒப்பிட்டு மூன்று ஆண்டுக்குள் ஈடாகும். எந்தப் பிராண்டாக இருந்தாலும் வாங்கும் முன் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை என்று பார்க்கவும். 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் இதை வெளிப்படையாகச் சொல்வது சட்டப்படி கட்டாயம்.

வயர் இழுக்க வழியில்லாத வாடகை வீடு என்றால் பேட்டரி மாடல்தான். டாப்போ டி230எஸ்1-இல் கார்டு வீட்டுக்குள் இருக்கும் ஹப்பில் உட்காரும், திருடன் டோர்பெல்லைக் கழற்றினாலும் பதிவு போகாது. பிளிங்க் அமேசானுடையதுதான், ஆனாலும் வீட்டுக்குள் வைக்கும் சிங்க் மாட்யூல் 2 என்ற அதன் பெட்டியில் யூஎஸ்பி பென் டிரைவ் சொருகினால் சந்தா இல்லாமலே கிளிப் சேமிக்கும். யூஃபியும் உள்ளூரில் சேமிப்பதுதான். 2022 நவம்பரில் அதன் அறிவிப்புகளுக்கான சிறு படங்கள் பயனருக்குத் தெரியாமல் கிளவுடுக்குப் போனது வெளிப்பட்டதையும் மனதில் வைக்கவும். பேட்டரி மாடல்களின் பொதுக் குறை, ஆள் வந்தபின் விழித்துக்கொண்டு பதிவைத் தொடங்குவது. வேகமாக வந்து போகிறவரின் முதுகுதான் பதிவாகும்.

கார்டு கணக்கு. ரியோலிங்கின் தொடக்க அமைப்பில் முழுத் தரப் படம் விநாடிக்கு சுமார் 6 மெகாபிட். நாள் முழுக்கப் பதிந்தால் சுமார் 65 ஜிபி. 256 ஜிபி கார்டு நான்காவது நாளே பழையதை அழிக்கத் தொடங்கும். ஆள் அசைவுக்கு மட்டும் என்று வைத்து, நாளுக்கு 30 கிளிப், ஒவ்வொன்றும் அரை நிமிடம் என்றால் 0.7 ஜிபிதான். பத்து மாதத்துக்கு மேல் தாங்கும். கேமராவுக்கென்று விற்கும் ஹை எண்டூரன்ஸ் கார்டையே வாங்கவும். போனுக்கான கார்டு ஓயாத எழுத்தில் சீக்கிரம் தேய்ந்து, சத்தமில்லாமல் பதிவை நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை பழைய கிளிப் ஒன்றைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

ஒரே ஒரு டோர்பெல்தான் என்றால் கார்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. சின்னக் கணினி ஒன்றில் ஃப்ரிகேட் என்ற கேமராப் பதிவு மென்பொருளைப் போட்டு எல்லாவற்றையும் பதிவதைப் பலர் உடனே சொல்வார்கள். நல்லதுதான், இலவசமும்கூட. ஆனால் 10 வாட் கணினி ஆண்டு முழுக்க ஓடினால் 88 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றால் 22 பவுண்டு. விட்ட சந்தாவில் ஏறத்தாழ பாதி மின்கட்டணமாகத் திரும்பிவிடும். ஏற்கெனவே ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை ஒன்றாக இயக்கும் மென்பொருள்) ஓடும் கணினி இருந்தால், அல்லது மூன்று நான்கு கேமரா இருந்தால், அது பொருத்தம்.

ஃப்ரிகேட் வைப்பவர்களுக்குச் சில குறிப்பு. புதிய ரியோலிங்க் மென்பொருளில் ஆர்டிஎஸ்பி, ஆன்விஃப், எச்டிடிபி போர்ட்கள் (மற்ற கருவிகள் இணைய வரும் வாசல்கள்) மூடியே வரும். ஆப்பில் நெட்வொர்க் அமைப்புக்குள் போய்த் திறக்கவும். கேமராவுக்குத் தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் மட்டும் வைக்கவும். அட் குறியோ ஹேஷ் குறியோ இருந்தால் முகவரி வரி உடைந்து, கடவுச்சொல் தவறு என்றே காட்டும். ஆளை அடையாளம் காணக் கேமரா தரும் தரம் குறைந்த துணைப் படம், நொடிக்கு 5 ஃபிரேம் போதும். பதிவுக்கு மட்டும் முழுப் படம், வேறு வடிவத்துக்கு மாற்றாமல் அப்படியே. கேமரா அமைப்பில் இன்டர்ஃபிரேம் ஸ்பேஸ் (முழு ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளி) 1எக்ஸ் என்று வைத்தால் கிளிப் சரியான நொடியில் தொடங்கும். ஆர்டிஎஸ்பி அடிக்கடி அறுந்தால் படம் அனுப்பும் இன்னொரு முறையான எச்டிடிபி-எஃப்எல்விக்கு மாறவும்.

டோர்பெல்லை இணையத்திலிருந்து முழுவதுமாகத் துண்டிக்க விரும்பினால் இரண்டு விஷயம் கெடும். ஒன்று கடிகாரம்: நேரத்தை ரவுட்டரிலிருந்து எடுக்கும்படி என்டிபி (நேரம் தரும் சர்வர்) முகவரியை மாற்றாவிட்டால் நாளடைவில் விலகும், தவறான நேரம் பதிந்த வீடியோ சாட்சியாக மதிப்பிழக்கும். இன்னொன்று போன் அறிவிப்பு: நிறுவனத்தின் சர்வர் வழியாக வருவது அது. ஹோம் அசிஸ்டன்ட் இருந்தால் பட்டன் அழுத்தத்தை அதிலிருந்து போனுக்கு அனுப்பலாம். அது இல்லாதவர்கள் இணையத்தை விட்டுவைப்பதே நல்லது. வராத அறிவிப்பால் யாருக்கும் பயனில்லை. வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணையத்திலிருந்து நேராக உள்ளே வர வழி திறப்பது) செய்யவே கூடாது. வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து பார்க்கவும்.

டோர்பெல்லின் உள்ளேயே கார்டு இருப்பதால் கருவியோடு பதிவும் திருடுபோகும் ஆபத்து உண்டு. கிளவுட் சந்தாவுக்கு உண்மையிலேயே உள்ள ஒரே மேன்மை இது. கோப்பு அனுப்பும் முறையான எஃப்டிபி மூலம் கிளிப்களை வீட்டுக்குள் உள்ள ஒரு நாஸ் பெட்டிக்கோ (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி), யூஎஸ்பி டிரைவ் செருகி எஃப்டிபி வசதியை இயக்கிய ரவுட்டருக்கோ அனுப்பும்படி வைத்தால் இது தீரும். கதவில் மாட்டும்போது தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரம் வைத்தால் முகமும் வாசலில் கிடக்கும் பார்சலும் ஒன்றாகத் தெரியும்.

பதிவு நம் கையில் என்றால் பொறுப்பும் நம் கையில். நம் எல்லைக்கு வெளியே பொதுத் தெருவோ அடுத்தவர் வாசலோ படத்தில் விழுந்தால் பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும். 2021 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம் ரிங் கருவிகள் சம்பந்தமான வழக்கில், அவை தூரத்துப் பேச்சையும் பதிந்தது மிகை என்று தீர்ப்பளித்தது. ஆகவே பிரைவசி மாஸ்க் போட்டுப் பக்கத்து வாசலை மறைக்கவும், பதிவில் ஒலியை அணைத்துவிடவும். அது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதையும்கூட. ஃபிளாட்டில் இருப்பவர்கள் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வாங்கவும்.

புதியது இரண்டு வாரம் ஒழுங்காக ஓடி, இரவுப் பதிவும் சரிபார்த்தபின்தான் பழைய சந்தாவை ரத்து செய்யவும். அடுத்த புதுப்பிப்புத் தேதியைப் பார்த்து, அதற்கு முன் செய்தால் போதும். பழைய ரிங்கை விற்பதானால் உங்கள் கணக்கிலிருந்து கருவியை நீக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவரால் அதைத் தன் கணக்கில் சேர்க்கவே முடியாது. விற்காவிட்டால் அதன் லித்தியம் பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மறுசுழற்சி மையத்தில் கொடுக்கவும். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.