செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

பைக்கில் செல்ஃப் பட்டனை அமுக்கினால், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் ரிலே ‘டக் டக்’ என்கிறது, இன்ஜின் சுற்றவில்லை. உடனே புது பேட்டரி போடுகிறோம். சில மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. சார்ஜிங்கில் கோளாறு இருந்தால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் இதே கதைதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும், எங்கே கோளாறு என்று சொல்லிவிடும்.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனையிலும் தொடுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் சார்ஜ் நிறைவு. 12-க்குக் கீழே என்றால் பேட்டரி காலி, முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனை. அடுத்து, மீட்டரை எடுக்காமல் செல்ஃப் அடியுங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 12.6 காட்டிய பேட்டரி அமுக்கியதும் 8, 7 என்று சரிந்தால் உள்ளே செல் போய்விட்டது. வோல்ட் 12-ஐ விட்டு அசையவே இல்லை, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். டெர்மினல் நட்டு, இன்ஜின் எர்த் வயர், ரிலே, மோட்டாரின் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் தேடுங்கள். ‘டக்’ சத்தமே வரவில்லையா? கில் சுவிட்ச் (இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்), சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ஃபியூஸ் இவற்றைப் பாருங்கள். கில் சுவிட்ச் ஆஃபில் இருந்த வண்டியை மெக்கானிக் வரை தள்ளிக்கொண்டு போனவர்கள் நிறைய உண்டு.

இனி சார்ஜிங். இன்ஜினை ஓடவிட்டு 4000, 5000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்து ஊதிவிடும், பல்புகளும் எரிந்துபோகும்.

சார்ஜ் ஏறாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் மேக்னட் காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்). பல வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர்கள் இருக்கும். பின் தளர்ந்தால் அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஏசிக்கு மாற்றி, காயில் பக்கம் இரண்டிரண்டு வயராக மூன்று முறை அளக்கவும். 5000 ஆர்பிஎம்மில் பெரும்பாலான வண்டிகளில் 50 வோல்ட்டுக்கு மேல் வரும். அந்த எண்ணைவிட, மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் காயில் எரிந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, மீட்டரை ‘பீப்’ அடிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்து ஒவ்வொரு வயரையும் இன்ஜின் பாடியோடு சோதியுங்கள், ‘பீப்’ வரக் கூடாது. காயில் சரி, ரெகுலேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரும் எர்த்தும் சரி என்றால் மிச்சம் ரெகுலேட்டர்தான்.

சார்ஜிங் சரியாக இருந்தும் இரவோடு இரவாக பேட்டரி இறங்கினால் எங்கோ கரண்ட் கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் கோர்த்துப் பாருங்கள். (அப்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.) சில மில்லி ஆம்பியர் சகஜம். 50 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 5 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி நான்கு நாளில் காலி. பெரும்பாலும் குற்றவாளி, பேட்டரியிலேயே நேராக மாட்டிய ஜிபிஎஸ், அலாரம், மொபைல் சார்ஜர்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியும். அதோடு 40 வாட் ஃபாக் லைட்டும் சேர்ந்தால் கூடுதலாக மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது காயில் அவ்வளவு கொடுக்காது, பேட்டரிதான் ஈடுகட்டும். எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் இன்னொரு சங்கடம்: பெட்ரோல் பம்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் தள்ளினாலும் பெரும்பாலும் கிளம்பாது.

வெளியே சார்ஜ் போடுவதானால் ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு: 5 ஏஎச்சுக்கு அரை ஆம்பியர். கார் சார்ஜரில் வேகமாக ஏற்றினால் பேட்டரி வெந்துவிடும். மூடி திறக்கும் பேட்டரிக்கு மேல் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும்; ஆசிட் வேண்டாம், ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். வரிசை மாறி, பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சேஸில் பட்டால் தீப்பொறி பறக்கும்.