அப்பாவின் வால்வும் ஒரு சீடியும்

அப்பாவுக்கு 63 வயது. பெருநாடி வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் போகும் வாசல்) இறுகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் எக்கோ பார்த்த டொக்டர் சொன்னதுமே கனடாவிலிருந்து சித்தப்பா போனில், "இப்ப ஆர் நெஞ்சைப் பிளக்கிறது, தொடையாலை வயர் விட்டே வால்வு வைக்கினம், அதைக் கேள்" என்றார். எங்களுக்கும் அதுதான் ஆசை.

சி.ரி. ஸ்கானை இங்கேயே எடுத்தோம். ரிப்போர்ட் தாளை மட்டும் பைலில் வைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறி, கொழும்பு ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரை காத்திருந்து உள்ளே போனால் முதல் கேள்வியே "சீடி எங்கே?" வால்வின் வளையத்தையும் தொடை நாளத்தையும் அவர்களே படத்தில் அளக்க வேண்டுமாம், தாள் போதாதாம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதரை 400 கிலோமீட்டர் சும்மா கூட்டிப்போய்க் கூட்டிவந்தது இன்னும் மனதில் உறுத்துகிறது. ஸ்கான் எடுத்த இடத்தில் கேட்டால், "அண்டைக்கே கேட்டிருக்கோணும், இனி நோயாளிதான் வந்து கையெழுத்து வைக்கோணும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். புங்குடுதீவிலிருந்து அப்பாவை மறுபடி ஏற்றி வந்தேன். தயவுசெய்து ஸ்கான் எடுக்கிற அன்றே சீடியைக் கையில் வாங்குங்கள், இரண்டு கொப்பி.

அடுத்த முறை இதய டொக்டரும் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து படம் பார்த்தார்கள். அப்பாவின் வால்வுக்கு மூன்று இதழ் இல்லை, பிறவியிலேயே இரண்டுதான். அதோடு அதற்கு மேலே பெருநாடி 4.8 சென்டிமீட்டருக்கு விரிந்திருந்தது. கதீற்றரால், அதாவது சித்தப்பா சொன்னதுபோல் தொடை வழியாக விடும் மெல்லிய குழாயால், வால்வை வைக்கலாம், விரிந்த நாளத்தைத் திருத்த முடியாது. நெஞ்சைத் திறந்தால் இரண்டும் ஒரே தடவையில் முடியும். வயதும் 65க்குக் கீழே என்பதால் அதுதான் பொருத்தமாம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "சரி, வெட்டட்டும்" என்றார்.

உலோக வால்வு நீண்டகாலம் உழைக்கும், ஆனால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை), அதற்கு அடிக்கடி ஐ.என்.ஆர். (இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும்) பரிசோதனை. தீவிலிருந்து அந்த அலைச்சல் முடியாது என்று மிருகத் திசுவால் செய்த வால்வுக்கு ஒத்துக்கொண்டோம். அது 10, 15 வருடத்தில் பழுதானால் அதற்குள்ளேயே கதீற்றரால் இன்னொன்று வைக்கப் பார்க்கலாமாம்.

அப்புறம் பல். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி போய்ப் புது வால்வில் தங்கிவிடும் என்று கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள். இரண்டு பல் பிடுங்கி ஆறும்வரை மூன்று வாரம் தள்ளிப்போனது. முதல் நாளே பல் டொக்டரைப் பாருங்கள்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. நெஞ்செலும்பு பொருந்தும்வரை பாரம் தூக்கக்கூடாது, ஆனால் நேற்று மூச்சு வாங்காமல் கிணற்றடிவரை நடந்துவிட்டு வந்தார். அம்மா வாளியை ஒளித்து வைத்திருக்கிறா.