பெரிய மண்டபமும் இரண்டு ரோச்லைற்றும்

போன தை மாதம் ரொறன்ரோவில், வீட்டுக்குப் பின்னால் மருமகன் தண்ணீர் விட்டு உறைய வைத்த தரையில் பேத்தி சறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய சப்பாத்துகளில் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி எல்.ஈ.டி விளக்கைக் கட்டிவிட்டு, கமராவை முக்காலியில் பூட்டி, முப்பது செக்கன் திறந்து வைத்தேன். வந்த படத்தில் இருட்டுக்குள் இரண்டு வெள்ளைக் கோடுகள் சுழித்துச் சுழித்து ஓடின. பிள்ளையைக் காணவில்லை.

"அம்மப்பா, நான் எங்கை?" என்று கேட்டாள்.

1979இல் யாழ்ப்பாணத்தில், நம் கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் நானும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டேன்.

எங்கள் பௌதிக மாஸ்ரரை என் காலத்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர், ஆகவே எழுதவில்லை. எளிமை இசை இயக்கம், அதாவது ஊசல்போல் முன்னும் பின்னும் ஆடும் இயக்கம், எங்கள் தலையில் ஏறவில்லை என்று கண்டதும், யன்னல்களைச் சாக்கால் மூடச் சொன்னார். கூரைத் தீராந்தியில் இரண்டு ஆணி அடித்து, கயிற்றை வி வடிவில் தொங்கவிட்டு, அதன் முடிச்சிலிருந்து ஒரு ரோச்லைற்றை முகம் கீழே பார்க்கக் கட்டினார். ரோச்சின் கண்ணாடியைக் கறுத்தக் கடதாசியால் மூடி, நடுவில் குண்டூசித் துளை. அதற்கு நேர் கீழே, நிலத்தில், வானம் பார்த்தபடி அவருடைய செனிற் கமரா. ரஷ்யக் கமரா அது. முப்பதில் ஒரு செக்கனுக்குக் கீழே அதில் வேகமே கிடையாது, 'பி' மட்டும்தான். அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்.

தீராந்தியிலிருந்து ரோச் வரை எட்டடி, முடிச்சிலிருந்து ரோச் வரை இரண்டடி. ஒரு பக்கத்துக்கு ஆடும்போது ஊசலின் நீளம் எட்டு, மற்றப் பக்கத்துக்கு இரண்டு. நீளம் நாலு மடங்கென்றால், ஒருமுறை ஆடி வரும் நேரமான அலைவுகாலம் இரண்டு மடங்கு. ரோச்சை எட்டடி ஊசல் ஆடும் பக்கத்துக்கு இழுத்து, குறுக்கே மெல்லத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் எண்ணினோம். கழுவி வந்த படத்தில் எட்டு என்ற இலக்கம்போல், எட்டுக்குள் எட்டாக, ஊசல் தளரத் தளரச் சிறுத்துப்போன கோலம். எட்டின் நடுச்சந்தியில் கோடு மெலிந்திருந்தது, வளைவுகளில் தடித்திருந்தது. வேகமாகக் கடந்த இடத்தில் பிலிமுக்குக் கிடைத்த ஒளி குறைவு. சமன்பாட்டில் அதுவரை வெறும் எழுத்தாக இருந்த வேகத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

ஆனால் ரோச்சை இழுத்துவிட்டவன் நான். "என்ரை கை எங்கை சேர்?" என்று கேட்டேன். "உன்ரை கையிலை வெளிச்சம் விழேல்லை, பிலிம் எப்பிடிக் காணும்?" என்றார்.

ஜோன் மிலியைப் பற்றி அவர்தான் சொன்னார். மின்பொறியியல் படித்துப் படப்பிடிப்பாளரானவர். 1949இல் தென் பிரான்சின் வலோரிசில் ஓவியர் பிக்காசோவைச் சந்தித்து, சப்பாத்துகளில் விளக்குக் கட்டிய பனிச்சறுக்குக்காரரின் படங்களைக் காட்டினாராம். பிக்காசோவுக்கு ஆசை பிடித்துவிட்டது. இருட்டறையில் சின்ன மின்விளக்கொன்றைக் கையில் எடுத்துக் காற்றிலே வரைந்தார். இன்றைக்கு இருட்டில் விளக்கால் வரையும் ஒளி ஓவியம் என்றால் முதலில் நினைவுக்கு வருபவை அந்தப் படங்கள்தான். பேத்தியின் காலில் விளக்குக் கட்டும் எண்ணம் எனக்கு அங்கிருந்து வந்தது.

அடுத்த மாசி அமாவாசைக்குக் கல்லூரியின் பெரிய மண்டபத்தை இருட்டில் ரோச்லைற் அடித்துப் படம் பிடிப்பது என்று முடிவு. அதிபரிடம் அனுமதி வாங்கி, போர்டிங் விளக்குகளை அரை மணிநேரம் அணைத்தோம். வெள்ளை உடுப்புப் போட்டால் படத்தில் பேய்போல் விழுவோம் என்பதால் எல்லோரும் கறுப்பு, கடும் நீலம். என்றும் வெள்ளை வேட்டியோடு வருகிற மாஸ்ரர் அன்று நீலச் சாரத்தில் வந்தார். அவரை அப்படிக் கண்டது அந்த ஒரு நாள்தான்.

முற்றத்தில் கமரா. ஒருவன் ஷட்டரைத் திறந்தே வைத்திருக்கும் கேபிளைப் பூட்டிவிட்டுக் கையில் கறுத்த மட்டையோடு நின்றான், வீதியில் வாகனம் வந்தால் வில்லையை மறைக்க. மற்ற நாங்கள் இரண்டு ரோச்சோடு தூண்களுக்குப் பக்கத்தில். "வெள்ளையடிக்கிற மாதிரி அடி. ஒரு இடத்திலை நிப்பாட்டாதை, கமராப் பக்கம் திருப்பாதை." நேரே முன்னால் நின்று அடித்தால் சுவர் தட்டையாகிவிடும், பக்கவாட்டில் அடித்தால்தான் தூணின் உருட்சி எழும்பும். இரண்டு மடங்கு தூரத்தில் நின்றால் நாலு மடங்கு நேரம் அடிக்க வேண்டும், ஆகவே மேற்கூரைக்கு நீண்ட நேரம், படிக்கட்டுக்குச் சில செக்கன். இன்றும் டிஜிட்டல் கமராவோடு வெளியே போகும்போது இதே கணக்குத்தான். இங்கே பனிக்காலத்தில் மட்டும் வெண்பனியே ஒளியைத் திருப்பித் தருவதால் குறைவாக அடித்தாலே போதும். குளிரில் பற்றறி இறங்கிவிடும், மேலதிகமாக ஒன்றை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது நிமிடம் போலக் கால் இடறி என் ரோச் திரும்பிவிட்டது. படிக்கட்டில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்த மாஸ்ரர் மேல் வெளிச்சம் முழுதாக விழுந்தது. படம் கெட்டுப்போயிற்று என்று அழுகை வந்தது எனக்கு. "பறவாயில்லை, அடி" என்றுவிட்டு அவர் நகர்ந்துபோனார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த தூணை அதன் பிறகுதான் அடித்தோம்.

டவுன் ஸ்ரூடியோ ஒன்றின் இருட்டறையில் அவரே பிரதி எடுத்தார். மண்டபம் பகலிலும் அப்படி இருந்ததில்லை, ஒவ்வொரு தூணும் உள்ளிருந்து ஒளிர்ந்தது. படியில் கண்ணாடிபோல் ஒரு மனிதர். அவருடைய நெஞ்சுக்குள்ளால் தூண் தெரிந்தது. உதவி செய்த ஆறு பேருக்கும் அஞ்சலட்டை அளவில் ஒவ்வொன்று தந்தார்.

என்னுடையது 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு போயிற்று. ஆய்வுகூடச் சுவரில் தொங்கிய பெரிய பிரதியும் இல்லை, நெகற்றிவும் இல்லை. மாஸ்ரர் படம் பிடித்தவரே தவிரப் படத்தில் நின்றவரல்லர். அவர் காலமானபோது நினைவுமலருக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்துப் போட்டார்கள்.

மற்ற ஐந்து பேரில் இருவர் லண்டனில், ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் மெல்பேணில் என்று கேள்வி. ஐந்தாமவர் எங்கே என்று தெரியவில்லை. பழைய அல்பங்களை ஒருக்கால் புரட்டிப் பாருங்கள். கிடைத்தால் ஸ்கான் பண்ணி இந்தக் கல்லூரி மலரின் குழுவுக்கு அனுப்புங்கள். மங்கியிருந்தாலும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது தூணுக்கு முன்னால், தலையைச் சற்றே நிமிர்த்தி, ஒரு கையால் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார்.